ஊரின் பெயரால் செல்லும் உதவி: மொன்றியல் மேற்குத் தீவும் போருக்குப் பிந்திய வன்னியும்

போரில் சிக்கிய மக்களுக்கு வெளியிலிருந்து கிடைத்த உதவியைப் பதிவுசெய்யும் நூல்கள் பெரும்பாலும் ஐக்கிய நாடுகள் அவையின் முகமைகளையும் ஜெனீவாவிலிருந்து இயங்கும் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவையும் ஒருசில பெருந்தொண்டு நிறுவனங்களையும் சுற்றியே எழுதப்பட்டுள்ளன. அந்த எல்லைக்கு வெளியே, ஊதியம் பெறும் அலுவலரோ அச்சிட்ட ஆண்டறிக்கையோ இல்லாமல், ஒரே ஊரில் பிறந்தவர்களும் ஒரே பாடசாலையில் படித்தவர்களும் ஒரே கோயிலுக்குச் செல்பவர்களும் தமக்குள் பணம் சேர்த்து அனுப்பும் உதவி பல பத்தாண்டுகளாக இயங்கி வந்திருக்கிறது. இதையே அடிமட்ட மனிதாபிமான உதவி என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையில் தொழில்முறை அமைப்பு எதுவும் நிற்காத, நிற்க நேர்ந்தாலும் மிகச் சிறிதாகவே நிற்கும் உதவி என்று அதை வரையறுக்கலாம். ஈழத் தமிழரைப் பொறுத்தவரை இந்த உதவியின் ஒரு முனை வன்னியிலும் யாழ்ப்பாணத் தீவகத்திலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் இருக்கிறது. மறுமுனை மேற்கத்திய நாடுகளின் புறநகர் வீடுகளில் இருக்கிறது. அவ்வகைப் புறநகர்களுள் ஒன்று மொன்றியல் தீவின் மேற்கில் அமைந்துள்ள கர்க்லாண்ட்.

கர்க்லாண்ட் எவ்வகையிலும் போர்க்காலத் துயர்நீக்கத்தின் வரலாற்றில் இடம்பெறும் ஊரன்று. பண்ணை நிலங்களாக இருந்த பகுதி 1961இல் தனி நகராட்சியாகி, சார்ல்-எமே கர்க்லாண்ட் என்னும் கியூபெக் அரசியல்வாதியின் பெயரைப் பெற்றது. அதே ஆண்டில் கியூபெக் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணான கிளேர் கர்க்லாண்ட்-காஸ்கிரேன் இவருடைய மகள். 2002இல் மொன்றியல் மாநகருடன் இணைக்கப்பட்ட கர்க்லாண்ட், மக்கள் வாக்களித்துப் பிரிந்ததால் 2006 முதல் மீண்டும் தனி நகராட்சியாக உள்ளது. ஏறத்தாழ 19,000 பேர் வாழும் இந்த ஊரில் பெரும்பாலானவை தனி வீடுகள். நாற்பதாம் எண் நெடுஞ்சாலையும் சென்-சார்ல் பெருவீதியும் இதை அண்டை ஊர்களான தொலார்-தே-ஓர்மோ, பியர்ஃபோண்ட்ஸ் ஆகியவற்றோடு இணைக்கின்றன. தொலார்-தே-ஓர்மோவில் கியூபெக் சைவ மிஷனின் திருமுருகன் ஆலயம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ரிகோ என்ற ஊரின் லூர்து மாதா திருத்தலத்துக்குக் கோடைக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் யாத்திரை போகின்றனர், சைவர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்கின்றனர். நகரின் நடுப்பகுதியில் கோத்-தே-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் ஆகிய இடங்களின் வாடகைக் குடியிருப்புகளில் முதலில் தங்கிய குடும்பங்களில் ஓரளவு வசதி பெற்றவை லவாலுக்கும் மேற்குத் தீவுக்கும் நகர்ந்தன. அந்த நகர்வோடு நிதி சேர்க்கும் கூட்டங்களும் கோயில் மண்டபங்களுக்கும் வீடுகளின் பேஸ்மென்டுகளுக்கும் நகர்ந்தன.

இந்தக் குடும்பங்கள் கனடாவை அடைந்த வழியே அடிமட்ட உதவியின் வரலாற்றில் ஓர் அத்தியாயம். 1983 ஜூலை வன்செயலுக்குப் பின் இலங்கைத் தமிழர் கனடாவுக்குப் பெருமளவில் வரத் தொடங்கினர். 1985 ஏப்ரலில் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், அகதி நிலை கோருபவருடைய நம்பகத்தன்மை ஆராயப்படும்போது அவர் நேரில் விசாரிக்கப்படும் உரிமை உடையவர் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, 1986 ஆகஸ்ட் 11 அன்று, நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரைக் கஸ் டால்ட்டன் என்னும் உள்ளூர் மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டார்; வேறு சில படகுகளும் அவர்களைக் கரைசேர்ப்பதில் உதவின. மேற்கு ஜெர்மனியிலிருந்து ஔரிகே என்ற கப்பலில் அவர்கள் ஏற்றிவரப்பட்டது பின்னர் தெரியவந்தபோது கனடிய நாளேடுகளில் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களுக்கு ஓராண்டு தங்கவும் வேலை செய்யவும் அனுமதி வழங்கியது. அவர்கள் மொன்றியலுக்கும் டொராண்டோவுக்கும் அனுப்பப்பட்டபோது, அங்கே முன்பே வந்திருந்த தமிழரின் சிறு சங்கங்களே தங்குமிடமும் உடையும் மொழிபெயர்ப்பும் தந்தன. வந்து மூன்று ஆண்டுகூட நிறையாத அகதிகள் அடுத்து வந்த அகதிகளைத் தாங்கினர் என்பது இதன் பொருள்.

அதே 1986ஆம் ஆண்டில்தான், அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையரகம் தன் நான்சன் விருதைக் கனடிய மக்களுக்கு வழங்கியது. ஒரு நாட்டின் மக்கள் முழுவதற்கும் அவ்விருது வழங்கப்பட்டது அதுவே முதல் முறை. அதற்கான முதன்மைக் காரணம் தனியார் ஆதரவுத் திட்டம். 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், சாதாரணக் குடிமக்களும் திருச்சபைகளும் குழுவாகச் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தின் முதல் ஓராண்டுச் செலவையும் அன்றாட வழிகாட்டலையும் பொறுப்பேற்க வழிசெய்தது. 1979-80இல் கனடாவுக்கு வந்த சுமார் 60,000 இந்தோசீன அகதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாறு வந்தவர்களே. அதன்பின் இன்றுவரை 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தின்கீழ் கனடாவில் குடியமர்ந்துள்ளனர். கியூபெக் மாகாணம் குடிவரவுத் தெரிவில் தனி அதிகாரம் பெற்றிருப்பதால் அங்கே இது கூட்டு ஆதரவுத் திட்டம் என்ற பெயரில் மாகாண அரசால் நடத்தப்படுகிறது. இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுவும் அகதிக் குடும்பமொன்றைப் பொறுப்பேற்க அது இடமளித்தது. 2015 டிசம்பரில் சிரிய அகதிகளை ஏற்றிய விமானங்கள் வரத் தொடங்கியபோது மொன்றியலில் இறங்கியவர்களில் பலர் ஆர்மீனிய வம்சாவளிச் சிரியர். அவர்களுக்கு ஆதரவுக் கையொப்பமிட்டது மொன்றியல் ஆர்மீனியரின் ஹை டூன் என்னும் சமூக அமைப்பு. அன்னியருக்கு உதவுவதற்கென வகுக்கப்பட்ட திட்டமும் நடைமுறையில் உறவின் வழியே ஓடியது என்பதை இங்கே குறித்துக்கொள்வது பின்னால் வரும் வாதத்துக்குத் தேவை. திட்டத்தின் மற்றொரு பலவீனம் 2020 ஜனவரியில் வெளிப்பட்டது. முதலில் வருபவருக்கு முன்னுரிமை என்ற விதியால், விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்க மொன்றியல் அலுவலகத்தின் முன் கடுங்குளிரில் கூரியர் ஊழியர்கள் நாட்கணக்கில் வரிசையில் நிறுத்தப்பட்டனர். அகதியின் தேவையை வரிசையில் கிடைக்கும் இடத்தால் அளந்த அந்த முறை, எந்த நிர்வாகக் காரணம் சொன்னாலும், அபத்தமானது.

அகதியைக் கனடாவுக்கு அழைப்பது ஒரு திசை. தாயகத்தில் இருப்பவர்களுக்குக் கனடாவிலிருந்து அனுப்புவது மறுதிசை; தமிழரின் ஆற்றல் பெரும்பாலும் இரண்டாவதில்தான் செலவாகியிருக்கிறது. அதன் அடிப்படை அலகுகள் ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் ஆகும். புங்குடுதீவு, காரைநகர் முதலிய தீவக ஊர்களின் சங்கங்கள் கனடாவில் நெடுங்காலமாகச் செயல்படுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதன்மைக் கல்லூரிகள் பலவற்றுக்கும் கனடாவில் பழைய மாணவர் அமைப்புகள் உண்டு. கவிஞரும் வின்ட்சர் பல்கலைக்கழகச் சமூகவியலாளருமான சேரன், பணமும் மனிதரும் கருத்துகளும் இந்தச் சங்கங்கள் வழியே இருபுறமும் ஓடிக்கொண்டிருப்பதைப் புலம்பெயர் சுழற்சி என்ற கருத்தாக்கத்தால் விளக்கியுள்ளார். புலம்பெயர்ந்தோர் பணம் அனுப்புகிறார்கள், தாயகம் பெற்றுக்கொள்கிறது என்ற ஒருவழிப் படத்தைவிட இது உண்மைக்கு நெருக்கமானது. ஏனெனில் எந்தப் பாடசாலைக்கு மதில் கட்டுவது, எந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்துவது என்ற முடிவுகளில் ஊரில் இருப்பவர்களின் செல்வாக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களின் கௌரவமும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கின்றன.

இந்த உதவியின் இயங்குமுறை எளியது, அதன் விரைவு அந்த எளிமையிலிருந்தே வருகிறது. ஒன்றுகூடல், இராப்போசன விருந்து, கலைவிழா, கோடைக்கால விளையாட்டுப் போட்டி ஆகியவற்றில் நிதி சேர்கிறது; சேர்ந்த நிதி வங்கி வழியாகவோ, போர்க்காலத்தில் பெரும்பாலும் உண்டியல் வழியாகவோ சென்றடைந்தது. உண்டியல் என்பது கனடிய நகரமொன்றின் கடையில் டாலரைக் கட்டினால் மறுமுனையில் கொழும்பிலோ வவுனியாவிலோ முகவர் ரூபாயைக் கையில் கொடுக்கும், நம்பிக்கையை மட்டுமே ஆவணமாகக் கொண்ட பணமாற்று முறை. மறுமுனையில் அதிபரோ, கோயில் தர்மகர்த்தாவோ, பங்குத் தந்தையோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ பணத்தைப் பெற்றுப் பட்டியல் தயாரிக்கிறார். பட்டியலில் இடம்பெறுபவை ஏறத்தாழ மாறாதவை: பாடசாலைக்கு நெடுந்தூரம் நடக்கும் மாணவருக்குத் துவிச்சக்கர வண்டி, கற்றல் உபகரணங்கள், பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரம் அல்லது கோழியும் ஆடும், கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் அல்லது முச்சக்கர வண்டி, குழாய்க் கிணறு. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்பது கணவர் கொல்லப்பட்டோ காணாமல் ஆக்கப்பட்டோ சிறையில் இருந்தோ பெண்ணே வருமானத்துக்குப் பொறுப்பான வீட்டைக் குறிக்கும் நிர்வாகச் சொல். வடக்கிலும் கிழக்கிலும் போரில் கணவரை இழந்தவர்கள் சுமார் 89,000 பேர் என்று 2010இல் இலங்கை அரசு தரப்பே கூறியது.

இவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது சடங்கோடு பிணைந்த கொடை. பிள்ளையின் பிறந்தநாள், பெற்றோரின் திருமண நிறைவு, இறந்தவரின் ஆண்டுத் திவசம் ஆகிய நாட்களில் கனடாவில் உள்ள குடும்பம் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள சிறுவர் இல்லமொன்றில் ஒருவேளை உணவுச் செலவை ஏற்கிறது. தானத்தை நாளோடும் நினைவோடும் சேர்க்கும் பழைய வழக்கம் இங்கே கண்டம் கடந்து நீண்டிருக்கிறது. கொடுப்பவர் எந்தத் திட்ட முன்மொழிவும் எழுத வேண்டியதில்லை, பெறும் இல்லத்துக்கு ஆண்டு முழுவதும் ஓரளவு நிச்சயமான உணவு கிடைக்கிறது. இதில் உறுத்தும் பகுதி புகைப்படம். கொடையாளியின் பெயரும் படமும் அச்சிட்ட பதாகையைப் பின்னால் கட்டி, அதன்முன் பொதியைக் கையில் ஏந்திய பெண்ணையோ குழந்தையையோ நிறுத்திப் படமெடுப்பது வழக்கமாகிவிட்டது. பணம் சேர வேண்டியவரிடம் சேர்ந்ததற்கு வேறு சான்று இல்லாத சூழலில் அந்தப் படம் ஒரு பற்றுச்சீட்டாகப் பயன்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் பெறுபவரின் முகத்தைப் பற்றுச்சீட்டாக்கும் உரிமை கொடுப்பவருக்குக் கிடையாது.

இந்தச் சங்கங்களை நவீன மனிதாபிமானச் சிந்தனையின் அளவுகோலில் வைத்துப் பார்க்கும்போது ஓர் அடிப்படை முரண் தெரிகிறது. 1859இல் சொல்ஃபெரினோ போர்க்களத்தில் கைவிடப்பட்ட காயமுற்ற படைவீரரை அருகிலிருந்த காஸ்டிக்லியோனே ஊர்ப் பெண்கள், எந்த நாட்டுப் படையினர் என்று பாராமல் பராமரித்தனர். அதை நேரில் கண்டு, அவர்களோடு சேர்ந்து பணியாற்றிய ஆன்ரி துனான் 1862இல் எழுதிய நூலே செஞ்சிலுவை இயக்கத்தின் தோற்றத்துக்கு வழிகோலியது. அவ்வகையில் உலகின் மிகப் பெரிய துயர்நீக்க அமைப்பின் வேர் ஊர்ப் பெண்களின் அடிமட்ட உதவியில் இருக்கிறது. ஆனால் அந்த இயக்கம் 1965இல் வியன்னாவில் ஏற்ற ஏழு அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று பாரபட்சமின்மை. இனம், சமயம், வகுப்பு, அரசியல் எதையும் நோக்காமல் தேவையின் அளவை மட்டுமே கணக்கில் எடுத்து, மிக அவசரமானவருக்கு முதலில் உதவ வேண்டும் என்று அது கூறுகிறது. ஊர்ச் சங்கமோ தன் பெயரிலேயே ஒரு பாரபட்சத்தை அறிவித்துக்கொண்டுதான் பிறக்கிறது. அது தன் ஊருக்கு உதவும் அமைப்பு. அடுத்த ஊரின் தேவை எவ்வளவு கொடியதாக இருந்தாலும் அதன் விதிமுறையில் அதற்கு இடமில்லை. இதை ஒழுக்கக் குறைபாடாகச் சித்திரிப்பது நியாயமாகாது. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் வரும் ஒரு குரலுக்காக இரண்டு வேலை பார்ப்பவர் தன் சம்பளத்தைப் பிரித்துக் கொடுப்பதற்குக் காரணம் அந்தக் குரலை அவர் அறிவார் என்பதே. பாரபட்சம் இல்லையேல் அந்தப் பணமே பிறந்திருக்காது.

பெருநிறுவனங்கள் விலகிய இடத்தில் இந்தத் தனிப்பட்ட பிணைப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை 2008-09 காட்டியது. 2008 செப்டம்பரில் இலங்கை அரசின் கட்டளைப்படி ஐ.நா. முகமைகளும் பெரும்பாலான பன்னாட்டு நிறுவனங்களும் கிளிநொச்சியைவிட்டு வெளியேறின. எஞ்சிய சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 2009 பெப்ரவரி முதல் மே வரை கடல்வழியாக 13,000க்கு மேற்பட்ட காயமுற்றோரையும் நோயுற்றோரையும் உடனிருந்தோரையும் வெளியேற்றியது. களத்தில் நின்றவர்கள் உள்ளூர் அரசு மருத்துவர்களும் தாதியரும் கிராம அலுவலர்களும்தான். புலம்பெயர்ந்தோர் அந்த மாதங்களில் ஒட்டாவாவிலும் இலண்டனிலும் போரை நிறுத்தக் கோரி வீதிகளில் நின்றனர். ஐரோப்பியத் தமிழர் வீடுவீடாகச் சேர்த்த 884 டன் உணவும் மருந்தும் வணங்கா மண் என்ற பெயரில், கேப்டன் அலி என்னும் கப்பலில், 2009 மே மாதம் பிரான்ஸிலிருந்து புறப்பட்டன. கப்பல் இலங்கைக் கடலை அடைந்தபோது போர் முடிந்திருந்தது. ஜூன் மாதம் இலங்கைக் கடற்படை அதைத் திருப்பி அனுப்பியது. சென்னைக்கு அப்பால் நங்கூரமிட்டுக் கிடந்து, தமிழ்நாட்டு அரசியல் தலைவர்களும் இந்திய அரசும் தலையிட்ட பின், பொருட்கள் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பில் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டுக் கொழும்பு சென்றன. அங்கும் துறைமுகக் கட்டணத் தகராறில் மாதக்கணக்கில் முடங்கின. வவுனியாவின் மாணிக்கம் தோட்டம் (மெனிக் பார்ம்) முகாமில் போரிலிருந்து தப்பி வந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டிருந்த காலம் அது. அந்த முகாம் முழுமையாக மூடப்பட்டது 2012 செப்டம்பரில்தான். அன்பினால் ஒரு கப்பலை நிரப்ப முடியும், ஓர் அரசின் அனுமதியை அதனால் பெற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

அரசுகளோடான இந்த உறவு கனடாவிலும் சிக்கலானதே. போர்க்காலத்தில் துயர்நீக்க நிதியும் போருக்கான நிதியும் ஒரே கூட்டத்தில், ஒரே மேசையில் சேர்க்கப்பட்டதுண்டு. டொராண்டோவிலும் இலண்டனிலும் தமிழ்க் குடும்பங்களிடம் விடுதலைப் புலிகளுக்காக அச்சுறுத்தி நிதி பெறப்பட்டதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்தது. அந்த ஏப்ரலில் கனடா விடுதலைப் புலிகளைத் தடைசெய்தது. புலிகளுக்கு நிதி திரட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட உலகத் தமிழர் இயக்கத்தின் மொன்றியல், டொராண்டோ அலுவலகங்கள் காவல்துறையால் சோதனையிடப்பட்டன. 2008 ஜூனில் அவ்வியக்கமும் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் நிதியை அமெரிக்கா 2007இல் முடக்கியது. இந்த நடவடிக்கைகளின் நியாயம் பற்றிய விவாதம் தனி ஆய்வுக்குரியது. இங்கே முக்கியமானது அவற்றின் விளைவு. ஈழம் முழுவதற்குமான பேரமைப்புகள் மறைந்து, அச்சமுற்ற கொடையாளிகள் தாம் நேரில் அறிந்த சிறு வட்டத்துக்குள் சுருங்கினர். ஊருக்கு ஊர் என்ற முறை வலுப்பெற்றதற்கு ஊர்ப்பற்றைப் போலவே இந்தச் சட்டச் சூழலும் காரணம். ஆப்கானிஸ்தானில் தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் கனடியத் தொண்டு நிறுவனங்களும் இதே சுவரில் முட்டிக்கொண்ட பிறகே, பயங்கரவாதக் குழுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் மனிதாபிமானப் பணி செய்வதைக் குற்றமாகக் கருதாத விதிவிலக்கு 2023 ஜூனில் கனடியச் சட்டத்தில் இடம்பெற்றது. வன்னிக்கு அது பதினான்கு ஆண்டுகள் தாமதம்.

உறவின் தடத்திலேயே உதவி ஓட வேண்டும் என்ற கட்டாயம் தமிழரின் வரலாற்றில் எப்போதும் இருந்ததில்லை. இதற்கு மிகச் சிறந்த சான்று காந்தியம் இயக்கம். கட்டடக் கலைஞரான சோ. அ. டேவிட்டும் மருத்துவரான ச. இராசசுந்தரமும் 1970களின் பிற்பகுதியில் வவுனியாவை மையமாகக் கொண்டு தொடங்கிய இந்த அமைப்பு, 1977 வன்செயலில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வந்த மலையகத் தமிழ்க் குடும்பங்களை வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களில் குடியமர்த்தியது. நிலம் தேடித் தருவது, கிணறு தோண்டுவது, பாலர் பாடசாலை நடத்துவது, நடமாடும் மருத்துவம், குழந்தைகளுக்குச் சத்துணவு, இளம் பெண்களைக் கிராமத் தொண்டர்களாகப் பயிற்றுவிப்பது எனப் பணிகள் விரிந்தன. இலண்டன் போன்ற நகரங்களில் வாழ்ந்து திரும்பிய யாழ்ப்பாணத்து நடுத்தர வகுப்பினர், தமக்கு உறவோ ஊரோ இல்லாத, தம் சமூகத்திலேயே பலரால் தாழ்வாகக் கருதப்பட்ட மக்களுக்காக உழைத்தனர் என்பதே காந்தியத்தின் தனிச்சிறப்பு. 1983 ஏப்ரலில் இருவரும் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள்மீது நடந்த இரண்டாவது படுகொலையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர்தப்பி, செப்டம்பரில் மட்டக்களப்புச் சிறையுடைப்பில் வெளியேறி, நெடுங்காலம் தமிழ்நாட்டில் வாழ்ந்து, இறுதியில் கிளிநொச்சிக்குத் திரும்பி 2015இல் மறைந்தார். காந்தியத்தின் அழிவோடு அது வளர்த்த பண்பும் பெருமளவு அழிந்தது. அந்த இழப்பைப் போரின் இழப்புகளில் ஒன்றாக எவரும் கணக்கிடுவதில்லை.

வேறொரு வழியைத் தமிழ்நாட்டில் காணலாம். 1984இல் சா. செ. சந்திரகாசன் தலைமையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் இருந்த அகதிகளையே ஆசிரியராகவும் சுகாதாரத் தொண்டராகவும் கணக்கராகவும் பயிற்றுவித்தது. முகாம் பிள்ளைகளின் கல்வி, சுருள்பாசி கொண்டு ஊட்டச்சத்துக் குறையைப் போக்குதல், பிறப்புச் சான்றிதழும் குடியுரிமை ஆவணமும் பெற்றுத் தருதல் ஆகியவற்றில் அது பெற்ற அனுபவம் குறைத்து மதிப்பிட முடியாதது. 2004 ஆழிப்பேரலையின்போது அந்த அகதித் தொண்டர்கள் நாகப்பட்டினம் மீனவருக்கு உதவச் சென்றனர். அகதி முகாமில் இருப்பவர்கள் தம்மை ஏற்ற நாட்டின் குடிமக்களுக்குத் தொண்டு செய்யச் சென்ற அந்நிகழ்வு, உதவி எப்போதும் வசதியான இடத்திலிருந்து வசதியற்ற இடத்துக்குத்தான் பாயும் என்ற எண்ணத்தைப் பொய்யாக்கியது.

இந்த இரு எடுத்துக்காட்டுகளுக்குப் பின் இன்றைய வரைபடத்தை நோக்கினால் அதன் மேடுபள்ளம் துலக்கமாகிறது. வெளிநாடு செல்வதற்கு முகவருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். பணத்துக்கு ஈடாக வைக்க நிலமோ நகையோ வேண்டும். அவையிரண்டும் இல்லாதவர் போக முடியவில்லை. ஆகவே எந்த ஊரில் ஏற்கெனவே ஓரளவு வசதி இருந்ததோ அந்த ஊருக்கே கனடாவில் சங்கம் உண்டு. புங்குடுதீவு போன்ற தீவக ஊர்களில் மக்கள் தொகை சுருங்கி, பூட்டிய வீடுகள் பெருகியபின்னும் நன்கொடை தொடர்கிறது. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற, மலையகத்திலிருந்து வன்செயல்களால் துரத்தப்பட்டோர் குடியேறிய கிராமங்கள், இறுதிப் போரின் முழுச் சுமையையும் தாங்கியும் கடல் கடந்து பேச ஆளில்லாமல் இருக்கின்றன. யாழ்ப்பாண ஊர்களுக்குள்ளேயும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் குறிச்சிகள் ஊர்ச் சங்கத்தின் பார்வையில் ஊராக எண்ணப்படாமல் போவதுண்டு. ஊர் என்ற சொல்லை உச்சரிப்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் எல்லை மாறுகிறது. ஒரு கோயில் வீதியோடு முடியும் ஊர்களும் உண்டு. போரழிவின் அளவுக்கும் உதவியின் அளவுக்கும் தொடர்பில்லாத இந்த நிலையை ஊர்ச் சங்கங்களின் உழைப்பைப் பாராட்டும் கட்டுரைகள் பொதுவாகத் தொடுவதில்லை.

பெருநிறுவனங்களிடம் இதற்கு விடை இருக்கிறதா என்றால், உலக அனுபவம் ஊக்கமளிப்பதாக இல்லை. 2016இல் இஸ்தான்புல் மனிதாபிமான மாநாட்டில் கொடை நாடுகளும் முகமைகளும், 2020க்குள் நிதியில் நான்கில் ஒரு பங்கை உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேராகச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டன. நேரடியாகச் சென்ற பங்கு ஒற்றை இலக்கச் சதவீதத்தைத் தாண்டவில்லை. சூடானில் 2023 ஏப்ரலில் போர் மூண்டபோது பன்னாட்டு ஊழியர் வெளியேறிய நகரங்களில் அவசர உதவி அறைகள் என்னும் அண்டைவீட்டார் குழுக்கள் பொதுச் சமையற்கூடங்களை நடத்தின. நஃபீர் எனப்படும் சூடானியக் கூட்டுழைப்பு மரபிலிருந்து எழுந்த இவை, புலம்பெயர்ந்த சூடானியர் அனுப்பிய பணத்தோடும் பின்னர் அமெரிக்க உதவியோடும் இயங்கின. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது பல நூறு சமையற்கூடங்கள் மூடப்பட்டன, எஞ்சியவற்றைப் பெரிதும் தாங்கியது புலம்பெயர்ந்தோரின் பணம். சூடானியக் குழுக்கள் தெருவை அலகாகக் கொண்டவை: அந்தத் தெருவில் யார் இருக்கிறார்களோ, நேற்று இடம்பெயர்ந்து வந்தவர் உட்பட, அவர்கள் அனைவருக்கும் உணவு. தமிழரின் சங்கங்கள் பிறப்பை அலகாகக் கொண்டவை. இடத்தை அலகாகக் கொண்ட உதவி பாரபட்சமின்மைக்கு ஒருபடி நெருங்கிச் செல்கிறது என்பதே இந்த ஒப்பீட்டின் பயன்.

உதவியின் அலகு பிறப்பா இடமா என்ற கேள்வி மேற்குத் தீவில் வெறும் கோட்பாட்டுக் கேள்வியாக நிற்கவில்லை. கர்க்லாண்டிலும் அதன் அண்டை ஊர்களிலும் வளர்ந்து, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படித்து முடித்த இரண்டாம் தலைமுறைக்குப் பெற்றோரின் ஊர் என்பது கோடை விடுமுறையில் ஒருமுறை பார்த்த ஓர் இடம். அந்த ஊரின் பாடசாலை மதிலுக்கு நிதி கேட்டால் அவர்கள் பெற்றோருக்காகக் கொடுப்பார்கள், பெற்றோருக்குப் பின் கொடுக்கமாட்டார்கள். ஆனால் அவர்களுள் பலர் 2009இல் வீதிகளில் நின்றவர்கள் அல்லது அவர்களின் தம்பி தங்கையர். அவர்களை இணைக்கும் நினைவு ஊரைவிடப் போரோடு நெருங்கியது. பெற்றோரின் தலைமுறை வருந்தும் இந்த ஊர்மறதி, உதவியை உறவின் தடத்திலிருந்து தேவையின் தடத்துக்கு மாற்றும் வாய்ப்பும் ஆகும். சட்டமும் இப்போது இடம் தருகிறது: பதிவுபெற்ற கனடிய அறக்கொடை நிறுவனம் தன்னைப்போல் பதிவுபெறாத வெளிநாட்டுச் சிறு அமைப்புக்கும், கணக்குப் பொறுப்பை உறுதிசெய்து, மானியம் வழங்க 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது.

எனவே ஊர்ச் சங்கங்களைக் கலைக்கவோ பழிக்கவோ தேவையில்லை. அவை தம் விதிமுறையில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஒவ்வோர் ஆண்டும் சேரும் நிதியில் ஒரு பங்கை, கடல் கடந்து வாழும் பிள்ளைகள் இல்லாத ஒரு கிராமத்துக்கு என ஒதுக்கி, அந்தக் கிராமத்தைத் தெரிவுசெய்யும் பொறுப்பைத் தம் ஊரவரிடம் விடாமல் பிரதேச செயலகத்தின் குடும்பப் பதிவுகளையும் அங்குள்ள பெண்கள் அமைப்புகளையும் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். பயனாளிப் பட்டியலைப் பதாகையும் படமும் இன்றிக் கணக்காக வெளியிட வேண்டும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் செல்லும் உறுப்பினர் எவரும், மலையாளபுரத்துக்கு இந்த ஆண்டு என்ன போனது என்று எழுந்து கேட்கலாம், கேட்க வேண்டும்.